யாரிடம் சொல்வது?

நம் அகப்பாடல்களைப் படிக்கும்போதெல்லாம் தலைவியையும் தலைவனையும் விடத் தோழியே என் நெஞ்சில் நிற்பாள். அவள் செவிலியின் மகள்; தலைவியோடு உடன் வளர்ந்தவள். தலைவியின் துயரம் முதலில் அவள் செவிக்கே எட்டுகிறது. அதைக் கேட்டவுடன் அவள் ஊரைக் கூட்டுவதில்லை. காலமும் இடமும் பார்த்துக் காத்திருக்கிறாள். மறைப்பதால் கேடு விளையும் என்னும் நிலை வரும்போதுதான் வாய் திறக்கிறாள். இதனை இலக்கண நூலோர் ‘அறத்தொடு நிற்றல்’ என்றனர். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தைக்கும் தமையன்மார்க்கும் என்று அந்தச் செய்தி படிப்படியாகச் செல்லும். ஒவ்வொரு படியிலும் அறிய வேண்டியவர் ஒருவரே அறிகிறார். மறை காத்தலுக்கும் ஊமையாய் இருத்தலுக்கும் உள்ள வேறுபாட்டை நம் முன்னோர் இவ்வளவு நுட்பமாக வகுத்திருந்தனர் என்பது எண்ணி வியக்கத்தக்கது.

ஊரில் இருந்தவரை இந்தத் தோழியின் இடத்தில் நமக்கு யாரேனும் இருந்தார்கள். அத்தை இருந்தாள், பாட்டி இருந்தாள், கிணற்றடியில் உடன் நீர் இறைத்தவள் இருந்தாள். பிழைப்பைத் தேடித் தில்லிக்கும் மும்பைக்கும் கொல்கத்தாவுக்கும் பெயர்ந்த குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களையும் பஞ்சாங்கத்தையும் பொடி வகைகளையும் உடன் கொண்டுவந்தன. அத்தையையும் பாட்டியையும் கொண்டுவர இயலவில்லை. இரண்டு அறை வீட்டில் தாய், தந்தை, பிள்ளைகள். வெளியே வேறு மொழி. பிள்ளையின் மனத்தில் ஒரு முள் தைத்தால் அதைச் சொல்லிக்கொள்ள வீட்டில் மூன்றாவது பெரியவர் ஒருவர் இல்லை.

நான் 1990ஆம் ஆண்டில் மணமாகித் தில்லிக்கு வந்தேன். பேருந்தில் ‘மதராசி’ என்ற சொல்லையும், காய்கறிச் சந்தையில் என் இந்திக்குக் கிடைத்த சிரிப்பையும் முதல் மாதத்திலேயே பழகிக்கொண்டேன். வளர்ந்தவர்களுக்கு அது உடையில் ஒட்டிய தூசு, உதறிவிட்டுப் போகலாம். பள்ளிக்குச் செல்லும் பிள்ளைக்கு அவ்வாறு உதற முடிவதில்லை. ‘காலி’ என்றும் ‘கல்லூ’ என்றும் நிறத்தைச் சொல்லி அழைக்கும் குரலோடு அது நாள்தோறும் ஆறு மணி நேரம் ஒரே அறையில் அமர்ந்திருக்க வேண்டும்.

இந்நிற மயக்கம் வடக்கே மட்டும் விளைந்த பயிரன்று. ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற முகப்பூச்சு 1975இல் கடைக்கு வந்தபோது அதைத் தமிழ்நாடும் கைநீட்டி வாங்கியது. அதன் பெயரிலிருந்து ‘வெண்மை’யைக் குறிக்கும் சொல் நீங்க 2020 வரை ஆயிற்று. நம் மணமக்கள் விளம்பரங்களில் ‘சிவந்த நிறம்’ என்ற இரு சொற்கள் நெடுங்காலம் படிப்புக்கும் குலத்துக்கும் பக்கத்தில் இடம்பிடித்து வந்திருக்கின்றன.

ஆகவே, கேலி செய்பவர் அயலார் மட்டுமே என்று நாம் அமைதி கொள்வதற்கில்லை. சங்க விழாவுக்கு ஒரு பெண் குழந்தை பாவாடை தாவணியில் வருகிறாள் என்று வைத்துக்கொள்வோம். ‘என்னடி, இப்படிக் கறுத்துப் போயிட்டே?’ என்று ஒரு மாமி கேட்பார். ‘நல்லா பூசினாப்போல ஆயிட்டா’ என்று இன்னொருவர் அன்போடு கன்னத்தைக் கிள்ளுவார். ஒல்லியான பையனிடம் ‘உங்க வீட்டில் சோறு போடறதில்லையா?’ என்பார் ஒரு மாமா. எவர் மனத்திலும் தீங்கில்லை. ஆயினும், அடுத்த முறை அந்தக் குழந்தை தலைவலி என்று சொல்லி வீட்டிலேயே தங்கிவிடுகிறது. தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலங்கள் நான்கினைக் கூறுமிடத்தில் எள்ளலையே முதலில் வைத்தார். வள்ளுவரோ, பெரிய தேருக்கு அச்சாணி போல் உதவுவோர் உலகில் உண்டு. ஆகவே உருவத்தைக் கண்டு எவரையும் இகழலாகாது என்று வினைத்திட்ப அதிகாரத்தில் தெளிவுறச் சொன்னார். அவருடைய சிலைக்கு மாலையிடும் நாளிலேயே நம் கூடத்தில் உருவக் கேலியும் நடக்கிறது.

இவற்றையெல்லாம் நான் எண்ணிப் பார்க்கத் தொடங்கியது என் தங்கை மகளால். அவள் அப்போது ஒன்பதாம் வகுப்பில் இருந்தாள். வகுப்புப் பிள்ளைகள் கைப்பேசியில் ஒரு குழு அமைத்து, அவள் நிறத்தையும் பருமனையும் சேர்த்து ஒரு பட்டப்பெயர் சூட்டியிருந்தார்கள். விளையாட்டு விழாவில் எடுத்த அவளது படத்தை உப்பலாகத் திருத்தி, நாளொரு வாசகம் எழுதிச் சுற்றுக்கு விட்டார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. காலையில் கட்டிக்கொடுத்த உணவு மாலையில் அப்படியே திரும்பி வந்தது. ‘தோழிகள் கொடுத்ததைச் சாப்பிட்டேன்’ என்பாள். பொங்கல் விழாவின் கும்மியிலிருந்து பெயரை எடுத்துவிடச் சொன்னாள். பரீட்சை நெருங்குகிறது என்று காரணம் கூறினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னோடு மொட்டைமாடியில் வடகம் காயவைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்: “பெரியம்மா, நான் ஒண்ணு சொன்னா நீங்க யார்கிட்டயும் சொல்லாம இருப்பீங்களா? அம்மாகிட்ட கூட?”

இக்கேள்விக்கு ‘ஆம்’ என்று உடனே சொல்லிவிடுதல் எளிது. ஆனால் அவள் சொல்லப்போவது என்னவென்று அறியாமல் அப்படி வாக்குக் கொடுத்துவிட்டுப் பின்னர் மீற நேர்ந்தால், அவள் மறுமுறை யாரிடமும் வாய் திறக்கமாட்டாள். நான் அவளிடம் கூறியது இதுதான்: “உன்னைக் கேட்காம யார்கிட்டயும் சொல்லமாட்டேன். உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னு எனக்குத் தோணினா மட்டும் சொல்வேன். அப்பவும் முதல்ல உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்.” அவள் சற்று நேரம் வடகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, கைப்பேசியை எடுத்துக் காட்டினாள்.

தாய் தந்தையர்பால் அன்பில்லாமல் அவள் மறைத்தாள் அல்லள். அப்பா பள்ளிக்குச் சென்று சத்தமிடுவார். மறுநாள் கேலி இரட்டிப்பாகும். அம்மா அழுவாள், அல்லது மாலையில் நடைப்பயிற்சிக்குப் போகச் சொல்வாள், கேலி செய்தவர்கள் சொன்னது சரியென்று ஆகிவிடும். கைப்பேசியைப் பிடுங்கிக்கொள்வார்கள், தண்டனை அவளுக்கே வந்து சேரும். இவற்றோடு இன்னொரு அச்சமும் இருந்தது. நம் சமூகம் இங்கே மிகச் சிறியது. காலையில் ஒரு வீட்டில் சொன்னது மாலையில் சங்கத்துக்கு வந்து, இரவுக்குள் தொலைபேசி வழியே திருநெல்வேலி வரை போய்விடும். பிறகு, அவள் எந்த வீட்டுக்குப் போனாலும் ‘பாவம்’ என்ற சொல் அவளுக்கு முன்னே சென்று காத்திருக்கும். ஏளனத்தைவிட இரக்கத்துக்கு அஞ்சும் பருவம் அது.

இத்தகையோருக்கு, முகம் அறியாத ஒருவரின் செவியே சில நேரங்களில் பெரும் துணையாகிறது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், மனம் உடைந்தவர்கள் பெயர் சொல்லாமல் பேசுவதற்கென்று ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு அமர்ந்தார். அந்த எண்ணம் பல நாடுகளுக்கும் பரவிற்று. தில்லியில் 1976 முதல் சஞ்சீவினி என்னும் அமைப்பு மன ஆலோசனைப் பணி ஆற்றி வருகிறது. சென்னையில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’வைத் தொடங்கினார். 1996இல் மும்பையில் டாட்டா சமூக அறிவியல் கழகத்தின் முயற்சியாகப் பிள்ளைகளுக்கென்றே 1098 என்ற எண் பிறந்தது. பத்து, ஒன்பது, எட்டு என்று இறங்குவரிசையில் எண்ணினால் ஏழைக் குழந்தையும் மறவாது. இப்போது அது அரசின் பொறுப்பில் நடக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவர் எவரும் எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். 2022 அக்டோபர் 10 அன்று மத்திய அரசு ‘டெலி மானஸ்’ என்ற பணியைத் தொடங்கியது. எண் 14416. 24 மணி நேரமும், தமிழ் உள்ளிட்ட 20 மொழிகளில் பேசலாம். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் இதற்கு வழிகாட்டியாக உள்ளது.

நானும் அவளும் ஒரு மாலையில் அந்த 14416ஐ அழைத்தோம். மொழியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது அவள் தமிழைத் தேர்ந்தெடுப்பாள் என்று நான் எதிர்பார்த்தேன். அவள் இந்தியை எடுத்தாள். பின்னர் காரணம் கேட்டேன். “தமிழ்ல பேசினா அம்மாகிட்ட பேசற மாதிரி இருக்கும் பெரியம்மா, அழுகை வந்துடும்” என்றாள். தாய்மொழியின் அருமையைப் பற்றி எத்தனையோ மேடைகளில் கேட்டிருக்கிறேன். இவ்வளவு உண்மையான சான்றை எங்கும் கேட்டதில்லை. நான் அறையை விட்டு வெளியே வந்து கதவைச் சாத்தினேன். மறை காப்பவருக்கு முதற்கடமை, தாமும் கேளாதிருத்தல் அல்லவா?

அழைப்பின் மறுமுனையில் இருந்தவர் அறிவுரை ஏதும் பொழியவில்லையாம். எப்போது தொடங்கிற்று, தூக்கம் எப்படி, உணவு எப்படி, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதுண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்டிருக்கிறார். அக்கடைசிக் கேள்வியைக் கேட்டால் இல்லாத எண்ணம் உண்டாகிவிடுமோ என்று நம்மில் பலர் அஞ்சுகிறோம். அவ்வாறு உண்டாவதில்லை என்பதே அறிந்தோர் கூற்று. கேட்கப்படுவதால் பாரம் குறைவதே மிகுதி. அவளுக்கு அவ்வெண்ணம் இல்லை. ஆனால், பகலுணவை இரண்டு மாதமாக விட்டிருந்தாள். இருமுறை பள்ளியில் மயக்கம் வந்திருந்தது. இதனைத் தாயிடமும் மருத்துவரிடமும் சொல்லியாக வேண்டும் என்று அவர் கூறினார். எப்படிச் சொல்வது, எந்தச் சொல்லில் தொடங்குவது என்பதையும் அவளோடு சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்கிறார். நான்கு நாட்கள் கழித்து அவளே தன் தாயிடம் சொன்னாள். நான் பக்கத்தில் இருந்தேன், பேசவில்லை.

மறை காத்தலுக்கு எல்லை உண்டு என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்வதுதான் நேர்மை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநலச் சிகிச்சை பெறுபவரின் செய்திகளை மறைவாக வைத்திருக்கும் உரிமையை அளிக்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற நிலைகளை விலக்காகவும் குறிக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்குப் பெற்றோரே பிரதிநிதி. திருத்திய படம் ஆபாசமானதாக இருந்திருப்பின் கதை வேறாகியிருக்கும். 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டப்படி, குழந்தை மீதான பாலியல் குற்றத்தை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவதோ குற்றம். ‘அறத்தொடு நிற்றல்’ என்று பண்டையோர் சொன்னதற்கு இன்றைய சட்டமொழி இவ்வாறு அமைந்திருக்கிறது.

பள்ளியைப் பற்றியும் சொல்லவேண்டும். கேலியையும் அச்சுறுத்தலையும் தடுப்பதற்குக் குழு அமைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2015இல் தன் பள்ளிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. அந்தக் குழுவைப் பற்றிக் கேட்டபோது வகுப்பாசிரியை முதலில், “பிள்ளைகள் விளையாட்டுதானே” என்றார். என் தங்கை சத்தமிடவில்லை. நாள் வாரியாகப் பிடித்து வைத்திருந்த படங்களை அச்செடுத்து, எழுத்து மூலமாகக் கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கினாள். மகள் கேட்டுக்கொண்டபடி, வகுப்பின் நடுவே அவள் பெயரைச் சொல்லி விசாரிக்கக் கூடாது என்பதையும் கடிதத்திலேயே எழுதினாள். குழு கலைக்கப்பட்டது. இரண்டு பெற்றோர் அழைக்கப்பட்டனர். பட்டப்பெயர் முற்றும் ஒழிந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். எப்போதாவது காதில் விழுகிறதாம். ஆனால் உணவு டப்பா இப்போது காலியாகத் திரும்புகிறது.

விடுதிகளில் படிக்கும் பிள்ளைகளை உடையவர்கள் இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். 1996இல் சிதம்பரத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங் கொடுமையில் கொலையுண்டதன் பின், 1997இல் தமிழ்நாடு அதனைத் தடுக்கச் சட்டம் செய்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழு நாடு முழுமைக்கும் விதிகளை வகுத்தது. 1800-180-5522 என்ற எண்ணில் மாணவர் தம் பெயரை வெளியிடாமலே முறையிடலாம்.

நம் சங்கம் செய்யக்கூடியன சில உண்டு, செலவும் இல்லை. விழாவுக்கு வரும் பிள்ளைகளிடம் நிறம், பருமன், உயரம், முகப்பரு இவற்றைப் பற்றிப் பேசுவதில்லை என்று பெரியவர்களாகிய நாம் உறுதிகொள்ளலாம். படிக்கும் புத்தகத்தைப் பற்றிக் கேட்க எவ்வளவோ இருக்கிறது. ஒரு பிள்ளை நம்மிடம் மனம் திறந்தால், அச்செய்தி அடுத்து யாருக்குப் போகவேண்டும் என்பதை அப்பிள்ளையையே கேட்டு முடிவு செய்யலாம். மேலே குறித்த எண்களை அச்சிட்டு ஒட்டவும் செய்யலாம். அதை நுழைவாயிலில் உள்ள அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டாம். அங்கே நின்று குறித்துக்கொள்ளும் பிள்ளையை நாலு பேர் பார்ப்பார்கள். நூலகத்தில் கடைசி அலமாரிக்குப் பின்னால் ஓர் இடம் இருக்கிறது. கழிவறைக் கதவின் உட்புறமும் இருக்கிறது. அங்கே ஒட்டுவோம்.