எல்லையோர நடை – 5: இரண்டு சோடிச் செருப்பு

போன வாரம் உங்களைக் களியக்காவிளை பஸ் ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு வந்துவிட்டேன். அங்கிருந்து கேரளத்து இஞ்சிவிளை நடந்து போகிற தூரம்தான். கடை போர்டில் எழுத்து மாறும். எல்லை என்று சொல்ல வேறு அடையாளம் கிடையாது. பேச்சைக் காதில் வாங்கினால் அந்த எல்லையும் கரைந்துவிடும். மரச்சீனிக்கு அந்தப் பக்கமும் மரச்சீனிதான், இந்தப் பக்கமும் மரச்சீனிதான்.

1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரைத் தாலுகாவையும் கேட்டது, கிடைக்கவில்லை. அதற்கு இரண்டு வருஷம் முன்பு, 1954 ஆகஸ்ட் 11 அன்று, மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இந்தச் சேர்ப்பைக் கேட்டுத் திரண்டவர்களைப் போலீஸ் சுட்டதில் ஆட்கள் செத்தார்கள். நான் விளவங்கோடு தாலுகாக்காரன். மொழிக்காகச் செத்தவர்கள் கதையைச் சொல்லித்தான் அப்பா எங்களுக்குச் சோறு ஊட்டினார்.

அந்தக் கதை கேட்டு வளர்ந்தவனுக்கு வெளியூரில் வேறு வேறு பெயர். திருவனந்தபுரம் பஸ்ஸில் 'பாண்டி'. மதுரையில் வாய் திறந்தால் 'மலையாளத்தானா?' 1984இல் பட்டாளத்தில் சேர்ந்து குன்னூர் வெலிங்டனில் மதராஸ் ரெஜிமென்ட் பயிற்சி மையத்துக்குப் போனபோது 'மதராசி'. அங்கே காலையும் மாலையும் தொண்டை கிழியக் கத்தக் கற்றுத் தந்தார்கள்: 'வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!' தெலுங்குப் பையன்களுக்கும் கன்னடப் பையன்களுக்கும் பயிற்சி தருகிற உஸ்தாத் பொருள் சொல்லித் தர வேண்டியிருந்தது. எனக்கும் பக்கத்துக் கட்டில் பாறசாலை அண்ணனுக்கும் வேண்டியிருக்கவில்லை.

இன்றைய நடை அந்த அண்ணன் வீட்டுக்குத்தான்.

பாறசாலை ரயில் நிலையத்தைத் தாண்டி ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்குகிற வழி. குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டி மூடிய புதுமண் ஓரமாய் நீளமாகக் கிடந்தது. என் கால் தானாக நின்றது. தார் மிச்சமிருந்த நடுப்பகுதியில் ஏறி நடந்தேன். எதிரே கூட்டிப்போக வந்த அண்ணனும் அதே நடுப்பகுதியில்தான் வந்துகொண்டிருந்தார். இருவரும் பார்த்துச் சிரித்தோம். பின்னால் வந்த ஸ்கூட்டர் பையன் ஹாரன் அடித்து, "நடுரோட்டிலாணோ நடப்பு?" என்று திட்டிவிட்டுப் போனான். புதுமண்ணில் கால் வைக்காதே என்று யாழ்ப்பாணத்து மண் சொல்லித் தந்தது அவனுக்கு எப்படித் தெரியும்?

வீட்டில் அண்ணனின் மனைவி, எனக்கு அக்கா, மரச்சீனியும் மீன்கறியும் வைத்திருந்தார். சாப்பிடும்போது அண்ணனுக்கு வலப்பக்கம் உட்காரச் சொன்னார். இடக்காது கேட்காது, 1988இல் கண்ணிவெடி கொண்டுபோனது. அதற்கு ஊனமுற்றோர் பென்ஷன் கேட்டு எழுதியதில், ஊனம் 20 சதவீதத்துக்குக் கீழே, சட்டப்படி இல்லை என்று பதில் வந்தது. அந்தத் தாள் இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது.

"கேக்காத காதால தொந்தரவு இல்ல தம்பி," என்றார் அக்கா. "கேக்கிற காதாலதான்."

பக்கத்துக் கோயிலில் உற்சவம். வெடிவழிபாட்டுக்கு ரசீது போட்டவர் பெயரை மைக்கில் சொல்லுவார்கள். சொல்லி முடித்ததும் கதினா வெடிக்கும். முதல் வருஷங்களில் அண்ணன் கட்டிலுக்கு அடியில் போய்விடுவாராம். பிள்ளைகள் அதை அப்பாவின் விளையாட்டு என்று நினைத்துக் கூடவே நுழைந்து சிரித்திருக்கிறார்கள். இப்போது உற்சவ நாட்களில் காலையில் பஸ் ஏறி நெய்யாற்றின்கரைக்குப் போய், இருட்டிய பிறகு திரும்புகிறார். கமிட்டிக்காரர்களிடம் ஒரு வார்த்தை சொல்லலாமே என்றேன். "என்னான்னு சொல்லுவேன்? பட்டாளக்காரனுக்கு வெடியக் கண்டா பயம்னா?" என்றார்.

அன்றும் உற்சவம். இருவரும் பஸ் ஏறினோம்.

உதியன்குளங்கரை தாண்டி அமரவிளையில் நெய்யாற்றுப் பாலம் ஏறும்வரை அவர் பேசவில்லை. நான் பழைய கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். 1987 ஜூலை 29இல் ராஜீவ் காந்தியும் ஜெயவர்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். மறுநாளே இந்திய அமைதிப்படை இலங்கையில் இறங்கத் தொடங்கியது. முதலில் போனவர்கள் கழுத்தில் யாழ்ப்பாணத்துச் சனம் மாலை போட்டது. செப்டம்பர் 26இல் நல்லூரில் விடுதலைப் புலிகளின் திலீபன் உண்ணாவிரதத்தில் இறந்தார். அக்டோபர் 10இல் புலிகளோடு சண்டை தொடங்கியது. மாலை விழுந்த நாளுக்கும் குண்டு விழுந்த நாளுக்கும் நடுவே முழுசாக மூன்று மாதம்கூட இல்லை. அக்டோபர் 21, தீபாவளி நாள், யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்குள் எங்கள் படை நுழைந்து சுட்டதில் நோயாளிகளும் டாக்டர்களும் நர்சுகளும் செத்தார்கள். நாங்கள் அங்கே இல்லை. இல்லை என்று சொல்லும்போதெல்லாம் யாரோ கேட்டதற்குப் பதில் சொல்வதுபோலச் சொல்கிறேன், யாரும் கேட்டதில்லை.

நாங்கள் பலாலியில் விமானத்தில் வந்து இறங்கியது அதற்குப் பிறகு. சுற்றிவளைப்பு, சோதனை, ரோந்து: மூன்றும்தான் வேலை. ஒருநாள் ஒரு ஒழுங்கையில், நம் ஊர்ச் சந்துதான், திடீரென்று சூடு விழுந்தது. பதிலுக்கு நாங்கள் வழக்கம்போலக் கத்திக்கொண்டு ஓடினோம். அடி கொல்லு, அடி கொல்லு. கிடுகு வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை வீரிட்டது. சீக்கியரும் கூர்க்காக்களும் கத்தினால் அந்த ஊருக்கு அது வெறும் சத்தம். நாங்கள் கத்தியது அவர்களுக்கு அட்சரம் பிசகாமல் புரிந்தது. அவர்கள் கத்தியது எங்களுக்குப் புரிந்ததைப்போல.

நெய்யாற்றின்கரை கிருஷ்ணசுவாமி கோயில் வளாகத்தில் அம்மச்சிப் பிலாவு இருக்கிறது. பட்டுப்போன பலாமரத்தின் அடிப்பகுதி. நடுவில் ஆள் நுழைகிற பொந்து. எட்டுவீட்டுப் பிள்ளைமாரின் ஆட்கள் துரத்தியபோது மார்த்தாண்ட வர்மா இதற்குள் ஒளிந்து தப்பினார் என்பது ஐதீகம். அப்படித் தப்பியவர்தான் 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். அந்த வெற்றியை இன்றும் குளச்சல் நாளாகக் கொண்டாடும் ஒன்பதாம் மதராஸ், அவருடைய திருவிதாங்கூர்ப் படையின் வழிவந்த பட்டாலியன். எங்கள் ரெஜிமென்டின் கதை ஒருவகையில் இந்தப் பொந்துக்குள்ளிருந்துதான் தொடங்குகிறது.

இதையெல்லாம் குறிப்பு நோட்டில் எழுதிக்கொண்டு நின்றேன். அண்ணன் மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் உள்ள இருந்த ராஜாவைத்தான் நினைப்பினும். நான் வெளிய தேடிட்டு நடந்தவனுவள நினைப்பேன். நாம அந்த ஆளுவதானேலே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அந்தக் கிழவி வீட்டு முற்றத்துலயும் ஒரு பிலாவு நின்னுது."

1988 ஜனவரி. வடமராட்சியில் ஒரு ஊர், பெயர் வேண்டாம். எங்கள் கேப்டன் வடக்கத்திக்காரர். எங்கே போனாலும் நான்தான் மொழிபெயர்ப்பு. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள் என்று கேட்கச் சொன்னார். கேட்டேன். கிழவி, தான் தனியாள் என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, "தம்பி, நீங்கள் தமிழோ? பிறகேன் எங்கட பிள்ளையளைத் தேடுறியள்?" என்றார்.

என்ன சொல்கிறாள் என்று கேப்டன் கேட்டார். ஒன்றும் தெரியாதாம் ஸாப், என்றேன்.

அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நான் மொழிபெயர்க்கவில்லை. அதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. கேப்டனுக்குச் சொல்லியிருந்தாலும் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் தோளைக் குலுக்கிவிட்டு நடந்திருப்பார். ஆனால் அதை என் வாயால் இந்தியில் சொல்ல நாக்கு எழவில்லை.

"நீ சொல்லல்ல, இல்லியா?" என்றார் அண்ணன். கிழவி சொன்னது அவருக்கும் புரிந்திருக்கும் என்பதை இத்தனை வருஷம் நான் மறந்திருந்தேன். அல்லது மறக்க விரும்பியிருந்தேன். பின்கட்டில் காவல் நின்றவர் எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"நானும் ஒண்ணு சொல்லல்ல. கிணத்தடியில செருப்பு கிடந்துது. ரெண்டு சோடி. ஒண்ணு கிழவிக்கது. மற்றது ஒரு பையனுக்க செருப்பு, நனைஞ்சு கிடந்துது. நான் பாத்தேன். பாக்காத மாதிரி திரும்பி நின்னேன்."

பத்து நாள் கழித்து அந்தக் கிழவி வீட்டு ஒழுங்கையில் கண்ணிவெடி வெடித்தது. அண்ணனின் காது போனது. அவருக்கு முன்னால் நடந்த விருதுநகர்ப் பக்கத்துப் பையன், வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகாதவன், செத்தான்.

"அந்தச் செருப்புக்காரன்தான் வச்சானா?"

"தெரியாது. அவன் பத்தாங்கிளாஸ் படிக்கிற சின்னப் பையனாவும் இருந்திருக்கலாம். சொல்லியிருந்தா அவன கொண்டுபோயிருப்பினும், திரும்பி வந்திருப்பானான்னு தெரியாது. சொல்லாததுனால நம்ம பையன் போனானான்னும் தெரியாது. ஒவ்வொரு கதினாவுக்கும் இதுதான் எனக்குள்ள ஓடுது. வெடிக்குப் பயந்தில்ல தம்பி நான் ஓடி வாறது."

கோயில் நடை சாத்துகிற நேரம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தோம்.

அமைதிப்படையின் கடைசி அணி 1990 மார்ச் 24 அன்று திருகோணமலையிலிருந்து கப்பல் ஏறியது. ஏறத்தாழ 1,200 பேர் திரும்பவில்லை. சென்னைத் துறைமுகத்துக்கு வந்த படையை வரவேற்க அன்றைய முதலமைச்சர் கருணாநிதி போகவில்லை. தமிழரைக் கொன்ற படையை வரவேற்க முடியாது என்பது அவர் நிலை. அந்த நிலையை நான் குறை சொல்லப்போவதில்லை. தமிழ்நாட்டில் பாதி வீடுகள் அப்படித்தான் நினைத்தன, என் வீடு உட்பட. அப்பா என்னைக் கட்டிப்பிடித்தார், ஆனால் ஒன்றும் கேட்கவில்லை.

இங்கிருந்து வெகுதூரமில்லாத வெங்ஙானூர்க்காரர் கேப்டன் ஜெர்ரி பிரேம்ராஜ். 1999 ஜூலையில் கார்கிலில் இறந்தார். வீர சக்ரா பெற்றார். அவர் பெயரைப் பள்ளிப் பிள்ளைகள் சொல்வார்கள், சொல்லவும் வேண்டும். எங்கள் சண்டையில் செத்தவர்களுக்குக் கொழும்புப் பக்கம், ஸ்ரீ ஜெயவர்தனபுரக் கோட்டையில், ஒரு நினைவுச்சின்னம் எழுந்தது. டெல்லி தேசியப் போர் நினைவகத்தின் கருங்கல்லில் அவர்கள் பெயர் ஏற 2019 ஆக வேண்டியிருந்தது. ஜெயித்த சண்டைக்கும், எதற்கென்று யாருக்கும் தெளிவில்லாத சண்டைக்கும் உள்ள வித்தியாசம் அது. செத்தவனுக்கு இரண்டும் ஒன்றுதான். வீடு திரும்பியவனுக்குத்தான் வேறு வேறு.

இருட்டிய பிறகு பாறசாலை பஸ்ஸில் ஏறினோம். இறங்கியதும் அண்ணன் முன்னால் நடந்தார், நடுரோட்டில். நான் அவர் வைத்த அடியிலேயே அடி வைத்து நடந்தேன். ரோந்தில் அப்படித்தான் நடப்போம்.

கன்னியாகுமரியிலும் நெய்யாற்றின்கரையிலும் 1987க்கும் 1990க்கும் நடுவே இலங்கை போய்வந்தவர்கள் பலர் இருக்கிறார்கள். இன்று அறுபதை ஒட்டியவர்கள், தாண்டியவர்கள். கேன்டீன் வரிசையிலும், நவம்பரில் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கிற வரிசையிலும் நிற்பவர்கள். உங்கள் தெருவிலும் ஒருவர் இருக்கலாம். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்று அவரிடம் கேட்காதீர்கள். அங்கே யார் உங்களோடு பேசினார்கள், என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். உங்கள் தெருக் கோயிலில் அடுத்த வெடிக்கு ரசீது போடுமுன் அவர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

(நடை தொடரும்)