நாங்கள் பூட்டிய கணனி

எமது பெண்கள் நிலையத்தில் ஒரு கணனி இருக்கிறது. அது கடையில் பெட்டியோடு வாங்கியதல்ல. மதர்போட் ஒருவர் அன்பளிப்பாகத் தந்தது. வெளிப்பெட்டி, மூடப்பட்ட ஓர் அலுவலகத்தில் இருந்து வந்தது. நினைவகத் துண்டு இரண்டையும் வன்தட்டையும் கல்முனையில் வாங்கினோம். இவை அனைத்தையும் ஒன்றாகப் பூட்டியவர் எமது குழுவிலுள்ள ஒரு தங்கச்சி. தொழிற்பயிற்சி நிலையத்தில் கணனி திருத்தும் பாடநெறி படித்தவர். அந்த வகுப்பில் அவர் ஒருவர் மட்டுமே பெண்.

அந்த வன்தட்டில் இருப்பவை எமது பெண்களின் கடதாசிகள். பிறப்புச் சான்றிதழ், விவாகப் பதிவு, காணிப் பெர்மிட், பொலிஸ் முறைப்பாட்டின் பிரதி, பழைய புகைப்படங்கள். காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் 2018 இல் இயங்கத் தொடங்கிய பின்னர் அங்கு கொடுத்த விண்ணப்பங்களும் உண்டு. ஏன் இவ்வளவு கவனமாகச் சேர்க்கிறோம் என்று எமது பகுதிப் பெண்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1990 இல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் பெட்டியைத் தூக்கவில்லை. மீண்டும் தேடிச் சேர்த்தவற்றை 2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டு போனது. அந்த அனர்த்தத்தில் இலங்கையிலேயே ஆகக் கூடுதலான உயிர்களை இழந்தது எமது அம்பாறை மாவட்டம். பிணத்தைத் தேடியவர்களிடமே பின்னர் அடையாள அட்டை இலக்கம் கேட்கப்பட்டது.

இந்தக் கணனிதான் ஒரு திங்கட்கிழமை காலை இயங்க மறுத்தது. பொத்தானை அழுத்தினால் விசிறி சுற்றுகிறது, பச்சை வெளிச்சம் எரிகிறது, திரை மட்டும் கறுப்பாகவே கிடக்கிறது. தொலைபேசியில் விசாரித்தபோது ஒரு கடைக்காரர், "போட் போயிருக்கும் மிஸ், புதுசா எடுக்கிறதுதான் நல்லம்" என்றார். பெட்டியைக் காணாமலே சொன்ன தீர்ப்பு அது. கதவடியில் நின்ற ராத்தா ஒருவர், "எங்கட பைலும் போயித்தா மகள்?" என்று கேட்டார்.

அவருக்குத் தங்கச்சி சொன்ன பதிலை வாசிக்கும் சகோதரிகளும் அறிந்திருப்பது நல்லது. கணனி இயங்காதிருப்பது வேறு, வன்தட்டு பழுதாவது வேறு. வீட்டுக் கதவின் பூட்டு இறுகிப் போனால் உள்ளே இருக்கும் அலுமாரி எரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. மதர்போட் முற்றாகச் செத்துப் போனாலும், வன்தட்டைக் கழற்றி வேறொரு கணனியில் பொருத்தினால் பெரும்பாலும் எல்லாம் அப்படியே இருக்கும். வன்தட்டில் இருந்தே டிக், டிக் என்று சத்தம் வந்தால் மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்க்கக் கூடாது. அது உள்ளே மேலும் சேதத்தை உண்டாக்கும்.

அதன் பின்னரே அவர் வேலையைத் தொடங்கினார். திரையின் வயர் இறுக்கமாக இருக்கிறதா, அதே பிளக் பொயின்டில் வேறு சாமான் வேலை செய்கிறதா என்று பார்த்தார். பிறகு மின்சாரத்தைக் கழற்றிவிட்டு, வெளிப்பெட்டியின் இரும்பைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்னைப் போக்கிக்கொண்டு பெட்டியைத் திறந்தார். மதர்போட்டில் நிற்கும் சிறிய உருளைகளின் தலை ஊதியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார். அவை கப்பாசிட்டர்கள். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய சில வருடங்களில் உலகெங்கும் விற்பனையான மதர்போட்டுகள் பலவற்றில் தரக்குறைவான கப்பாசிட்டர்கள் இருந்ததால், அவை ஊதி, கசிந்து, ஏராளமான கணனிகள் இப்படித்தான் பேச்சற்றுப் போயின. எங்களுடையதில் எல்லாம் தட்டையாகவே இருந்தன. பவர் சப்ளை என்ற தனி இரும்புப் பெட்டியை மட்டும் அவர் திறக்கவில்லை, எவரையும் திறக்க விடவும் இல்லை. வயரைக் கழற்றிய பின்னரும் அதற்குள் ஆளைத் தாக்கக் கூடிய மின் தேங்கி நிற்கும்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நினைவகத் துண்டுகள் இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, வெறுமனே பொத்தானை அழுத்தினார். பெட்டிக்குள் இருந்த சிறு ஒலிபெருக்கி பீப், பீப் என்று கத்தத் தொடங்கியது. "போட் உயிரோடதான் இருக்கு மிஸ். நினைவகம் இல்லையெண்டு முறைப்பாடு வைக்குது" என்றார். செத்துப்போன போட் முறைப்பாடு வைக்காதல்லவா! கடைக்காரரின் தீர்ப்பு அந்த இடத்திலேயே தள்ளுபடியானது.

கழற்றிய துண்டுகளின் ஓரத்தில் பொன்னிறமாக மின்ன வேண்டிய பற்கள் மங்கி, ஒரு பக்கம் பச்சை படிந்திருந்தன. அறுகம்பேயில் வசிப்பவர்களுக்கு இந்தப் பச்சை புதிதல்ல. யன்னல் பிணைச்சலிலும் சைக்கிள் மணியிலும் கடல் செய்யும் வேலைதானே. காற்றோடு வரும் உப்பு ஈரத்தை இழுத்துப் பிடித்து உலோகத்தை அரிக்கிறது. மேலே பூசியிருக்கும் பொன் மிக மெல்லியது. அது தேய்ந்த இடத்தில் கீழேயுள்ள செம்பு பச்சை பிடிக்கும், மின் தொடர்பு அறுந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளையின் பென்சில் அழிறப்பரால் அந்தப் பற்களை மெதுவாகத் தேய்த்து, தூளைத் தூரிகையால் தட்டிவிட்டு, ஒரு துண்டை மட்டும் மாட்டினார். திரை வரவில்லை. அதையே பக்கத்துப் பொந்துக்கு மாற்றினார். திரை வந்தது. இப்படித் தேய்ப்பதை அடிக்கடி செய்யக் கூடாதாம், எஞ்சியிருக்கும் பொன்னும் போய்விடும்.

சுனாமிக்குப் பின்னர் எமது பெண்களுக்கு எத்தனையோ தையல் இயந்திரங்கள் கொடுக்கப்பட்டன. நூல் அறுந்தால், ஊசி தப்பினால், எண்ணெய் வற்றினால் எவரையும் கூப்பிடாமல் அவற்றைத் தாமே சரிசெய்யும் பெண்கள் இன்று ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். அதை ஒருவரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. கணனிப் பெட்டிக்கு முன்னால் மட்டும் திருப்புளியை ஓர் ஆணின் கையில் கொடுத்துவிட்டு நாம் தள்ளி நிற்கிறோம். தையல் இயந்திரத்தைவிடக் கணனிக்குள் அசையும் பாகங்கள் குறைவு என்று தங்கச்சி சொன்னபோது அங்கிருந்தவர்கள் நம்பவில்லை. விசிறியையும் வன்தட்டையும் விட்டால் வேறு எதுவும் சுற்றுவதில்லை என்று காட்டினார்.

திரை வந்தாலும் திகதி 2012 ஜனவரி 1 என்று நின்றது. மதர்போட்டிலுள்ள காசு போன்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்துவிட்டால் கணனிக்கு நேரம் மறந்துபோகும். திகதி பிழையாக இருந்தால் இணையத்தில் பல தளங்களும் திறக்க மறுக்கும். பொத்துவிலில் மணிக்கூடு திருத்தும் கடையொன்றில் அந்தப் பற்றரி கிடைத்தது.

கோப்புகள் எல்லாம் இருந்தன. அன்றே ஒரு வெளி வன்தட்டில் பிரதியெடுக்கத் தொடங்கினோம். அதை நிலையத்திலேயே வைத்தால் பயனில்லை, கடலுக்குத் தூரமான ஊரில் வைக்க வேண்டும் என்று ராத்தா பிடிவாதமாகச் சொன்னார். யாருடைய வீட்டில் வைப்பது, கடவுச்சொல்லை எத்தனை பேர் அறிந்திருப்பது என்பதில் பெண்களிடையே இன்னும் பேச்சு முடியவில்லை. கணவரைப் பற்றிய முறைப்பாட்டுக் கடிதம் ஊரை விட்டு வெளியே போவதை இருவர் விரும்பவில்லை. அவர்களுடைய கோப்புகளைப் பிரதியெடுக்காமல் தனியாக வைத்திருக்கிறோம். அடுத்த மாதக் கூட்டத்தில் மீண்டும் பேசுவோம்.