நிழல் காணாமல்போன சிதம்பரம்... கடலூர் டு பிச்சாவரம், ஒரு நாள் அறிவியல் பயணம்!

“பூமி தன்னைத்தானே சுத்த 24 மணி நேரம், சூரியனைச் சுத்த 365 நாள்.” மூன்றாம் வகுப்பு முடித்த என் அக்கா மகனுக்கு இது மனப்பாடம். “சரி, பூமி எந்தப் பக்கமா சுத்துது, கையை நீட்டிக் காட்டு” என்றேன். திருதிருவென முழித்தான். அதனால்தான் ஏப்ரல் 20-ம் தேதி அவனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன்.

முதலில் கடலூர் தேவனாம்பட்டினம், சில்வர் பீச். காலை ஏழு மணிக்கு மணலில் ஒரு குச்சி நட்டோம். நிழல் ஊர்ப்பக்கமாக, மேற்கே நீளமாக விழுந்தது. அதன் நுனியில் ஒரு கிளிஞ்சலை வைத்துவிட்டு, இட்லி சாப்பிட்டு வந்து பார்த்தோம். நிழல் சுருங்கியிருந்தது.

“குச்சி நகரலையே சித்தி?”

“சூரியனும் நகரலை. நாமதான் சூரியன் உதிக்கிற பக்கமா சுத்திட்டிருக்கோம்.”

கடலை நோக்கிக் கையை நீட்டினான். “அப்போ இந்தப் பக்கம்!”

அடுத்து பஸ் ஏறி சிதம்பரம். ஐம்பூதத் தலங்களில் ஆகாயத்துக்கு உரிய ஊர். கீழவீதியில் நண்பகல் 12.10-க்குத் தண்ணீர் பாட்டிலை நிமிர்த்தி வைத்தோம். பக்கவாட்டில் நிழலே இல்லை! சூரியன் நேர் உச்சியில். ஏப்ரல் 20, ஆகஸ்ட் 22 தேதிகளை ஒட்டி, ஆண்டுக்கு இரண்டு முறை இங்கே இப்படி நடக்கும். கடக ரேகைக்கு வடக்கே இருக்கும் டெல்லிப் பிள்ளைகளுக்கு இந்தக் காட்சி ஒருநாளும் கிடைக்காது.

பிற்பகலில் பிச்சாவரம். படகில் போகும்போது சுரபுன்னை வேர்களைத் தொட்டுப் பார்த்தவன், “இது எதுக்கு இவ்வளவு வேர்?” என்றான். சுனாமியைப் பற்றிச் சொன்னேன்.

2004 டிசம்பர் 26. சுமத்ரா அருகே கடலுக்கடியில் நம் நேரப்படி காலை 6.29-க்கு பூகம்பம். அலை தமிழகக் கரைக்கு வர இரண்டு மணி நேரத்துக்கும் மேல் ஆனது. ஆனால், சொல்வதற்கு யாருமில்லை. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காலையில் நாங்கள் குச்சி நட்ட கரையிலும் அலை ஏறியது. சதுப்புநிலக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று, இந்த மாவட்டக் கடற்கரையை ஆராய்ந்து 2005-ல் ‘சயின்ஸ்’ இதழில் ஒரு கட்டுரை வந்தது.

அதே நாளில் தாய்லாந்தின் புக்கெட் கடற்கரையில் டில்லி ஸ்மித் என்ற 10 வயது பிரிட்டன் சிறுமி, கடல் நுரைத்து உள்வாங்குவதைக் கண்டு பெற்றோரிடம் கத்தினாள். இரண்டு வாரம் முன்புதான் பள்ளியில் சுனாமி பாடம் நடந்திருந்தது. கரையிலிருந்த சுமார் 100 பேர் தப்பினார்கள்.

ஆனால், எல்லா இடத்திலும் கடல் முதலில் உள்வாங்காது. அன்று நம் பக்கம் அலைதான் முதலில் ஏறி வந்தது. அதனால் அவனிடம் ஒன்றே ஒன்று சொன்னேன்: கடல் வழக்கத்துக்கு மாறாக ஏறினாலும் சரி, இறங்கினாலும் சரி, வேடிக்கை பார்க்க நிற்காதே, மேட்டைப் பார்த்து ஓடு. 2007-லிருந்து ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இருக்கிறது. ஆனாலும், கரையில் நிற்கும் பிள்ளைக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பும் பஸ்ஸில் தூங்கிவிட்டான் என்று நினைத்தேன். “சித்தி, அன்னைக்கு நம்ம ஊர்ப் பசங்களுக்கு யாருமே இந்தப் பாடம் நடத்தலையா?” என்றான்.

எனக்குப் பதில் தெரியவில்லை. ஆகஸ்ட் 22 அன்று உங்கள் வீட்டுப் பிள்ளையோடு மொட்டைமாடியில் ஒரு பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள். அங்கிருந்து பாடத்தை ஆரம்பிக்கலாம்.