எங்கள் ஊரின் பழைய வரைபடமும் ஒரு கிணறும்



பாடசாலைக் கண்காட்சியில் நாங்கள் வைத்திருந்த ஊர் வரைபடத்தைப் பற்றிப் பலர் கேட்டிருந்தீர்கள். சிலர் பிரதி வேண்டும் என்றீர்கள். ஒருவருக்கு மட்டும் "தர முடியாது" என்று சொன்னோம். அதில் அவருக்கு மனவருத்தம் என்று அறிகிறோம். ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை விளக்கமாக எழுதிவிடுவது நல்லது.

பத்தாம் தரப் பிள்ளைகளின் ஒரு கேள்வியில்தான் எல்லாம் தொடங்கியது. 2004 டிசம்பர் 26இல் அவர்களில் ஒருவர்கூடப் பிறந்திருக்கவில்லை. கடற்கரைப் பக்கம் அவர்கள் கண்டதெல்லாம் மணலும் அடம்பன் கொடியும்தான். "இதில உண்மையாவே வீடுகள் இருந்ததா சேர்?" என்று ஒரு பிள்ளை கேட்டது. இலங்கையிலேயே அதிக உயிர்களைப் பறிகொடுத்த அம்பாறை மாவட்டத்தில் இருந்துகொண்டு, எங்கள் பிள்ளைக்கு அது தெரியவில்லை. பிழை பிள்ளையில் இல்லை. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் கட்டக்கூடாது என்று அன்று சொன்னார்கள். பிறகு அதைத் தளர்த்தினார்கள். அதற்குள் எத்தனையோ குடும்பங்கள் வேறு இடம் போய்விட்டன. ஒழுங்கைகளின் பெயர்கூட மறந்துபோனது.

ஊரில் ஒரு ஹாஜியாரின் அலுமாரியில் பழைய கிராம வரைபடம் ஒன்றின் பிரதி இருந்தது. நான்காக மடித்து, மடிப்பெல்லாம் வெடித்திருந்தது. ஓர் அங்குலத்துக்கு நான்கு சங்கிலி அளவு. ஒரு சங்கிலி 66 அடி. அதாவது கடதாசியில் ஒரு சென்ரிமீற்றர், நிலத்தில் கிட்டத்தட்ட 32 மீற்றர். வளவுகள், ஒழுங்கைகள், சில கிணறுகள் எல்லாம் அதில் இருந்தன. அதை இன்றைய செய்மதிப் படத்தின் மேல் சரியாகப் பொருத்திவிட்டால் பிள்ளைகளின் கேள்விக்குப் பதில் கிடைத்துவிடும் என்று நினைத்தோம்.

இந்த வேலைக்கு ஜியோரெஃபரன்சிங் என்று பெயர். கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் செய்யலாம். யாரும் இறக்கிப் பாவிக்கலாம், காசில்லை. பழைய படத்தில் ஓர் இடத்தைச் சொடுக்கி, அதே இடத்தைச் செய்மதிப் படத்திலும் காட்ட வேண்டும். அப்படிச் சில புள்ளிகள் கொடுத்தால், மென்பொருள் படத்தைத் திருப்பி, நீட்டி, சுருக்கி உரிய இடத்தில் வைக்கும். ஆள்கூற்று முறையாக நாங்கள் தெரிவுசெய்தது ஈபிஎஸ்ஜி 5235, இலங்கைக்கான 1999ஆம் ஆண்டு கட்டமைப்பு. பீதுருதாலகால மலையை மையமாக வைத்து மீற்றரில் அளப்பது அது. மீற்றரில் இருந்தால் பிழை எவ்வளவு என்பதைப் பிள்ளைகளும் விளங்கிக்கொள்வார்கள்.

முதல் நாள் மூன்று புள்ளிகள் கொடுத்தோம்: பள்ளிவாசலின் மூலை, பிரதான வீதிச் சந்தி, மதகு. மென்பொருள் பிழை பூச்சியம் என்று காட்டியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். எங்களுக்கும் சந்தோசம்தான். படத்தைத் திறந்து பார்த்தால் கடற்கரை ஒழுங்கைகளில் பாதி கடலுக்குள் கிடந்தன. "கடல்தான் உள்ளே வந்துட்டுதே சேர்" என்று ஒரு பிள்ளை சொல்ல, நாங்களும் முதலில் அதை நம்பப் பார்த்தோம்.

உண்மை வேறு. நாங்கள் பாவித்த பொலினோமியல் 1 முறைக்குக் குறைந்தது மூன்று புள்ளிகள் வேண்டும். மூன்றே மூன்று கொடுத்தால், எவ்வளவு பிழையான புள்ளியாக இருந்தாலும் மென்பொருள் அப்படியே பொருத்திப் பூச்சியம் காட்டிவிடும். பொலினோமியல் 2க்கு ஆறு கொடுத்தாலும் அதே கதைதான். ஆசிரியர் இல்லாத பரீட்சை மண்டபத்தில் பிள்ளை தானே எழுதித் தானே புள்ளி போட்டுக்கொள்வது போன்றது அது. புள்ளிகள் தேவைக்கு மேல் இருந்தால்தான் அவை ஒன்றையொன்று சோதிக்கும்.

இரண்டாவது தவறு, எங்கள் மூன்று புள்ளிகளும் ஊரின் மேற்குப் பக்கத்திலேயே நெருக்கமாக இருந்தன. கதவின் பிணைச்சலில் ஒரு நூல் அசைந்தால் மறு ஓரத்தில் எவ்வளவு அசையும்? அதே மாதிரித்தான் இதுவும். பள்ளிவாசலடியில் இரண்டு மீற்றர் பிழை, கடற்கரையில் பல மடங்காகிவிட்டது. மூன்றாவது தவறு, படத்தைப் போனில் சரிவாக எடுத்திருந்தோம். அதைக் கொமியுனிகேஷன் கடையில் ஸ்கேன் செய்து திருத்திக்கொண்டோம்.

ஆனால் கடற்கரைப் பக்கம் புள்ளிக்கு எங்கே போவது? அங்கே அன்றிருந்த எதுவும் நிற்கவில்லை என்றுதான் நினைத்திருந்தோம்.

அப்போதுதான் ஒரு மாணவியின் உம்மம்மா வந்தார்கள். அந்த அலையில் இரண்டு பிள்ளைகளைக் கொடுத்தவர். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போனதே இல்லையாம். "கிணறு போகாது மகன். மேல் கட்டு உடைஞ்சாலும் அடி அங்கதான் கிடக்கும்" என்றார்கள். ஒரு சனிக்கிழமை காலை பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் நடந்தார்கள். ஓர் இடத்தில் நின்று காலால் மணலைத் தள்ளினார்கள். பையன்கள் மண்வெட்டியால் கொஞ்சம் விலக்க, கொங்கிரீட் வளையத்தின் விளிம்பு தெரிந்தது. பொதுக் கிணறு. பழைய படத்தில் சிறிய வட்டமாக இருந்தது அதுதான். அன்று இன்னும் இரண்டு கிணறுகளும் ஓர் எல்லைக்கல்லும் கிடைத்தன.

கடைசியில் எங்களிடம் பத்துப் புள்ளிகள் இருந்தன. எட்டைக் கொண்டு பொருத்தினோம். இரண்டை வேண்டுமென்றே ஒதுக்கி வைத்தோம், சோதித்துப் பார்ப்பதற்காக. ஒதுக்கி வைத்ததில் ஒன்று 7 மீற்றரும் மற்றது 9 மீற்றரும் விலகி நின்றன. தின் பிளேட் ஸ்பிளைன் என்ற முறையில் எல்லாப் புள்ளிகளையும் சேர்த்து இழுத்திருந்தால் எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், பிழையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைந்திருக்கும். பார்க்க வடிவான படம் கிடைத்திருக்கும். நாங்கள் அதைச் செய்யவில்லை. "பிழை 9 மீற்றர் வரை" என்று படத்தின் கீழே பெரிய எழுத்தில் போட்டோம்.

உம்மம்மாவை லெப்டொப்புக்கு முன்னால் இருத்தினோம். கிணற்றிலிருந்து வடக்கே மூன்றாவது வளவு தங்களுடையது என்றார்கள். அந்த இடத்தில் புள்ளி வைக்காமல் ஒரு வட்டம் போட்டுக் காட்டினோம். "இதுக்குள்ள எங்கயோ உங்கட வீடு, சரியா இந்த இடம்தான் என்று சொல்லமாட்டோம்" என்றோம். கன நேரம் பார்த்தார்கள். "குசினி இந்தப் பக்கம் இருந்திருக்கும்" என்று மட்டும் சொன்னார்கள்.

இனி, பிரதி கேட்டவரின் விசயம். பக்கத்து வளவுக்காரரோடு மதில் பிரச்சினையாம். எங்கள் வரைபடத்தைக் காட்டினால் முடிந்துவிடும் என்று நினைத்தார். பத்துப் பேர்ச்சஸ் காணி என்பது ஏறக்குறைய 253 சதுர மீற்றர். சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 16 மீற்றர்தான். 9 மீற்றர் பிழையுள்ள படத்தை வைத்து எல்லை பார்த்தால் பாதிக் காணி மற்றவரிடம் போய்விடும். அந்தப் பழைய கடதாசியில் பேனாக் கோட்டின் தடிப்பே நிலத்தில் ஒன்றரை மீற்றர் வரும். அவர்களின் சண்டையோ இரண்டு அடிக்கு. ஒரு சாண் நிலத்தை அநியாயமாக எடுப்பவரைப் பற்றிய ஹதீஸ் தெரியாதவர் நம் ஊரில் இல்லை. அப்படி ஒன்று நடக்க எங்கள் கண்காட்சிப் படம் காரணமாகிவிடக் கூடாது என்று பயந்தோம். எல்லைக்கு உரிமம் பெற்ற நில அளவையாளரிடம் போங்கள். உறுதியையும் பிளானையும் கையோடு கொண்டுபோங்கள். எங்கள் படம் ஞாபகத்துக்கு மட்டும்தான். அந்தச் சகோதரர் எங்களை மன்னிக்க வேண்டும்.

உங்களிடம் ஓர் உதவி. வீட்டில் சுனாமிக்கு முந்திய பிளான், வரைபடம், ஒழுங்கையில் நின்று எடுத்த போட்டோ ஏதும் இருந்தால் லெமினேட் பண்ணிவிடாதீர்கள். தட்டையாக வைத்து ஸ்கேன் செய்து ஒரு பிரதி தாருங்கள், மூலம் உங்களிடமே இருக்கட்டும். கடற்கரைப் பக்கம் கிணறு, எல்லைக்கல் எது இருந்ததென்று தெரிந்த மூத்தவர்கள் வீட்டில் இருந்தால் சொல்லுங்கள், பிள்ளைகளோடு வருகிறோம். இன்னும் நாலைந்து புள்ளிகள் கிடைத்தால் அந்த வட்டத்தைக் கொஞ்சம் சிறிதாக்கலாம். காலம் போகப் போக, காட்டித் தருவதற்கு ஆள் இருக்காது.

அந்த அலையில் போன எல்லோருக்காகவும் துஆச் செய்துகொள்வோம்.