அம்மா கேட்ட டுரியான் சோறு

டுரியான் பழத்தை உப்புப் போட்டுப் புளிக்க வைத்து, ஊசி மிளகாயை இடித்துச் சேர்த்து, சுடுசோற்றில் பிசைந்து சாப்பிடுவார்கள் என்று சொன்னால் உங்களில் பாதிப் பேர் மூக்கைப் பொத்திக்கொள்வீர்கள். பகாங்கிலோ பேராக்கிலோ ஆற்றோரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு, இதைப் படிக்கும்போதே நாக்கில் நீர் ஊறினாலும் ஊறும். நான் மூக்கைப் பொத்துகிற கூட்டத்தைச் சேர்ந்தவன். என் தாயார் மற்றக் கூட்டம் என்பது எனக்கு ஐம்பது வயதைக் கடந்த பிறகுதான் தெரிய வந்தது.

அம்மாவுக்கு வயது 76. டிங்கிக் காய்ச்சல் வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் கிடந்து, கிள்ளானில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குத் திரும்பியிருந்தார். காய்ச்சல் போய்விட்டது, பசி திரும்பவில்லை. கஞ்சி வைத்தாலும், ரசம் விட்டுக் குழையப் பிசைந்து கொடுத்தாலும் இரண்டு வாய்தான். "போதும்மா" என்று தட்டைத் தள்ளிவிடுவார். சாப்பிட்டால்தான் உடம்பு தேறும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். என் மனைவி கெஞ்சாத குறை. "அத்தை, உங்களுக்கு என்னதான் வேணும்? வாயத் திறந்து சொல்லுங்க, செஞ்சு தர்றேன்."

மூன்றாம் நாள் மாலை, விளக்கேற்றுகிற நேரத்தில் அம்மா என்னைக் கூப்பிட்டார். "ஏய்யா, தெமர்லோ சந்தையில டுரியான் ஊறுகா விப்பாங்களே, இன்னும் விக்கிறாங்களா?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. காய்ச்சலில் ஏதோ பேசுகிறார் என்றே நினைத்தேன். அப்புறம்தான் அந்தப் பழைய கதை வெளியே வந்தது.

நாங்கள் பகாங்கில் மெந்தகாப்புக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தவர்கள். 1970 டிசம்பர் கடைசியில் பிடித்த மழை விடவில்லை. 1971 ஜனவரி வெள்ளத்தைப் பற்றிப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். நாட்டின் பல மாநிலங்கள் பாதிக்கப்பட்டன. பகாங்குக்கு விழுந்த அடிதான் பெரிது. பகாங் ஆறு கரை புரண்டு கம்பங்களுக்குள் நுழைந்துவிட்டது. எங்கள் லயங்கள் மேட்டில் இருந்தன. ஆற்றோரக் கம்பத்து மலாய்க்காரர்கள் பிள்ளை குட்டிகளோடு மேடேறி வந்தார்கள். பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டார்கள், கோயில் மண்டபத்தைத் திறந்துவிட்டார்கள், அதுவும் நிரம்பிப் போய் வீட்டு அஞ்சடிகளிலும் ஆட்கள் தங்கினார்கள். எங்கள் அஞ்சடியில் ஒரு மக்சிக் தம் பேரப்பிள்ளைகளோடு வந்து இறங்கினார். அவர் வெள்ளத்திலிருந்து தூக்கிக்கொண்டு வந்தது ஒரு துணி மூட்டை, ஒரு சேவல், சாரோங்கில் சுற்றிய ஒரு ஜாடி.

அம்மாவுக்கு அப்போது 22 வயது. நான் வயிற்றில் மூன்று மாதம். தண்ணீர் குடித்தாலும் வாந்தி. மழையில் பால்வெட்டும் இல்லை, பேரும் இல்லை. கடையில் கடனுக்கு வாங்கிய அரிசி அளந்து அளந்து உலையில் விழுகிற காலம். வெறும் சோற்றையும் அம்மாவின் வயிறு ஏற்கவில்லை. அஞ்சடியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டே இருந்த மக்சிக், ஜாடியைத் திறந்து ஒரு கரண்டி எடுத்து, ஊசி மிளகாயோடு அம்மிக் கல்லில் வைத்து நசுக்கி, சுடுசோற்றில் போட்டு, நாலு பொரித்த நெத்திலியை மேலே வைத்து நீட்டியிருக்கிறார். அம்மா ஒரு வாய் வைத்தார், தட்டு காலியாகிவிட்டது. வாந்தியும் இல்லை.

பாட்டிக்குத் தெரிந்ததும் லயமே இரண்டுபட்டது. டுரியான் சூடு, பிள்ளைத்தாய்ச்சி அதன் வாடையைக்கூடப் பிடிக்கக் கூடாது என்பது பாட்டியின் கட்சி. அதுவும் பழமாக இல்லாமல், ஊசிப்போனதைக் கொடுத்தார்கள் என்றால் கேட்க வேண்டுமா? அம்மா அதற்கப்புறம் பாட்டி கிணற்றடிக்குப் போகிற நேரம் பார்த்துத்தான் சாப்பிட்டாராம். தண்ணீர் வடிந்து மக்சிக் கம்பத்துக்குத் திரும்பும் வரை அதுதான் அம்மாவுக்கு ஆகாரம். நான் உயிரோடு பிறந்ததே அந்த ஜாடியால்தான் என்று அம்மா சொன்னார். மருத்துவப்படி அது சரியோ தப்போ, அம்மாவிடம் நான் தர்க்கம் செய்யவில்லை.

பிறகு ஒவ்வோர் ஆண்டும் டுரியான் காய்ப்புக் காலம் முடிந்ததும் மக்சிக் ஒரு போத்தல் கொண்டுவந்து கொடுப்பாராம். தீபாவளிக்கு அம்மா முறுக்கும் அச்சு முறுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். அந்தப் போத்தல் எனக்கும் நினைவிருக்கிறது! அடுப்பங்கரைப் பரணில், சாக்குக்குப் பின்னால் இருக்கும். திறந்தால் குடலைப் புரட்டும். அது கோழிக்கு வைக்கிற மருந்து என்று அம்மா எங்களை நம்ப வைத்திருந்தார்.

1980இல் அப்பா தொழிற்சாலை வேலை கிடைத்து எங்களைக் கிள்ளானுக்கு அழைத்து வந்தார். அதோடு சரி. அப்பாவுக்கும் அந்த வாடை ஆகாது.

"இத்தனை வருஷமா ஒரு தடவைகூட ஏன் கேக்கல?" என்றேன்.

"கேட்டா யாரு வாங்கித் தரப்போறா?" என்றார் அம்மா. கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சுருக்கென்றது. அம்மாவுக்குப் பிடித்த சாப்பாடு எது என்று யாராவது என்னைக் கேட்டிருந்தால், மிச்சம் இருப்பது என்றுதான் சொல்லியிருப்பேன்.

தெமர்லோ சந்தை ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பெக்கான் செஹாரி என்பார்கள், ஒருநாள் பட்டணம். அந்த ஞாயிறே தம்பி மகனின் காரில், விடிவதற்கு முன் புறப்பட்டோம். கோலாலம்பூரிலிருந்து தெமர்லோ ஏறக்குறைய 130 கிலோமீட்டர். கெந்திங் செம்பா மலையில் ஏறும்போது கண்ணாடியில் பனி படிந்தது. காராக்கைத் தாண்டிக் கிழக்குக் கரை நெடுஞ்சாலை நேரே கொண்டுபோய் விட்டுவிடும். நான்தான் பழைய சாலை வழியாகப் போகலாம் என்றேன். லஞ்சாங், மெந்தகாப் என்று பெயர்ப் பலகைகளைப் பார்த்துக்கொண்டு போகவேண்டும் போலிருந்தது.

மெந்தகாப்பில் நம்மவர் கடை ஒன்றில் பசியாறினோம். தம்பி மகன் ரொட்டி சானாய்க்குச் சீனி கேட்டு வாங்கித் தூவிக்கொண்டான். பக்கத்து மேசையில் ஒரு சீனப் பெரியவர் ரொட்டித் துண்டைக் கறுப்புக் கோப்பியில் முக்கி, அது உடைந்து விழுவதற்குள் வாயில் போட்டுக்கொண்டிருந்தார். நானோ உளுந்து வடையைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்கிறவன். "பெரியப்பா, வடைய யாராச்சும் தேத்தண்ணில முக்குவாங்களா?" என்று சிரித்தான், ரொட்டியில் சீனியைக் கொட்டிக்கொண்டே.

இந்த நாட்டில் ஊருக்கு ஒரு கிறுக்கு உண்டு. கெடா பக்கம் காலையில் புளுட் அரிசியை வேகவைத்து, துருவிய தேங்காயும் பொரித்த கருவாடும் வைத்துச் சாப்பிடுவார்கள். மாம்பழக் காலத்தில் அதே புளுட்டுக்கு மாம்பழம். கிளந்தானில் சோறு நீல நிறம். சாயம் ஒன்றுமில்லை, நம் வேலியில் படர்கிற சங்குப் பூதான். அதற்குத் தொட்டுக்கொள்ளப் புளித்த மீன் சாறான பூடு. ஜொகூரில் வாழைப்பழப் பொரியலைக் காரமான கிச்சாப் சம்பலில் தோய்த்துச் சாப்பிடுவார்கள். நான் ஜொகூர் பாருவில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒன்று எடுத்தேன், பிறகு ஆறு தின்றேன். நாம் மட்டும் என்ன, இடியப்பத்துக்குச் சீனியும் தேங்காயும் வைத்து ஒரு நாள், ஆட்டுக்கறிக் குழம்பு ஊற்றி மறுநாள் சாப்பிடுகிறவர்கள்தானே? தயிர்ச்சோற்றில் வாழைப்பழத்தைப் பிசைகிறவர்களும் நம்மில் இருக்கிறார்கள்.

தெமர்லோவில் செமந்தான் ஆறு பகாங் ஆற்றில் வந்து கலக்கிறது. தீபகற்பத்தின் மிக நீளமான ஆறு அது. செம்மண் நிறத்தில், அவசரம் இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. கரையோரமாகச் சந்தை. பெத்தாய்க் கொத்துகள், காட்டுக் கீரை வகைகள், நாட்டுக் கோழி, சாரோங், பாராங் கத்தி, பல் வலிக்கு வேர் என்று நடக்க நடக்க முடியவில்லை. தெமர்லோ என்றாலே பாத்தின் மீன்தான். ஆற்றில் கூண்டு கட்டியும் வளர்க்கிறார்கள். ஆற்றிலேயே பிடித்த மீனுக்கு விலை பல மடங்கு.

தெம்போயாக் விற்ற மூதாட்டி ஒருவரிடம் நின்றேன். போத்தல் மூடியைத் திறந்து காட்டினார். வெளிர் மஞ்சளாய், குழைந்து, மேலே சிறு குமிழிகள். வாடை வந்ததும் ஐந்து வயதுப் பையனாக அந்தப் பரணுக்குக் கீழே போய் நின்றுவிட்டேன். எங்கே வாங்குவது என்று தெரியாத அவசரத்தில், என் தோட்ட மலாயில் முழுக் கதையையும் சொல்லிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்த மக்சிக்கின் கம்பத்துப் பெயரைச் சொன்னதும் தலையை ஆட்டினார். அந்தக் காலத்து ஆட்கள் யாரும் இல்லை, 2014 கடைசியில் ஒரு வெள்ளம், 2021 கடைசியில் ஒரு வெள்ளம், பலர் மேட்டுக்குக் குடி மாறிவிட்டார்கள் என்றார்.

செய்முறையையும் அவரே சொன்னார். நன்றாகப் பழுத்து விலை போகாத டுரியான்தான் இதற்கு ஏற்றது. சுளையைக் கொட்டை நீக்கி எடுத்து, அளவாக உப்புப் போட்டுப் பிசைந்து, இறுக மூடி வைத்துவிட வேண்டும். மூன்று நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் புளித்துவிடும். உப்பு கெட்ட கிருமிகளை அடக்கிவிட, நல்ல கிருமிகள் பழத்தின் இனிப்பைப் புளிப்பாக்குகின்றன. தயிர் உறைவதும் இட்லி மாவு பொங்குவதும் இதே வகைக் கிருமிகளால்தான். ஊசிப்போனது என்று பாட்டி திட்டியது பிசகு. இட்லி மாவைப் புளிக்க வைத்த கையால்தான் பாட்டியும் திட்டியிருக்கிறார். பேராக்கில் இதைச் சம்பலாக இடிப்பார்கள், சுமத்திராவில் ஜம்பி, பலெம்பாங் பக்கமும் இது உண்டு. பகாங்கில் பாத்தின் மீனோடு சேர்த்துக் குழம்பு. தேங்காய்ப் பால் கிடையாது; ஊசி மிளகாய், பச்சை மஞ்சள், கெசும் இலை, அவ்வளவுதான்.

இரண்டு போத்தல் வாங்கினேன். மீனும் ஒன்று வாங்கி ஐஸ் பெட்டியில் வைத்தோம். மூதாட்டி ஒரு கட்டுக் கெசும் இலையைக் காசு வாங்காமல் பையில் போட்டார். "உங்கள் அம்மாவுக்கு" என்றார்.

திரும்பும் வழியில் தோட்டத்துக்கும் போனோம். பார்க்க ஒன்றுமில்லை. பால்மரங்கள் போய்ச் செம்பனை வந்து, அதிலும் முதல் நடவு போய் அடுத்தது வளர்ந்து நிற்கிறது. லயங்கள் இருந்த மேட்டில் கிணற்றின் சிமெந்து வளையம் மட்டும் பாசி பிடித்துக் கிடந்தது. அஞ்சடி எந்தப் பக்கம் இருந்திருக்கும் என்று கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அன்று இரவு வீட்டில் ஜன்னல்கள் எல்லாம் திறந்து கிடந்தன. என் மனைவி மூக்கில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு, நான் எழுதி வந்தபடியே குழம்பு வைத்தாள். உண்மையைச் சொன்னால், கொதித்து இறங்கும்போது அந்த வாடை மாறி, மாங்காய் போட்ட மீன் குழம்பு மாதிரி ஒரு மணம் வந்தது. தட்டில் சோறும் குழம்பும் ஒரு பெரிய மீன் துண்டும் வைத்து அம்மாவின் முன்னால் கொண்டுபோய் வைத்தோம். வீடே சுற்றி நின்றது.

அம்மா தட்டைப் பார்த்தார். மீனை விரலால் ஓரமாகத் தள்ளினார்.

"இதுல மீனு எதுக்குய்யா? வெள்ளத்துல மீனுக்கு எங்க போறது?"

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. ஊரெல்லாம் புகழ்கிற குழம்பை வாங்கி வந்திருக்கிறேன். அம்மா கேட்டது ஒரு கரண்டி ஊறுகாய். மனைவி சிரித்துக்கொண்டே உள்ளே போய், உரலில் நாலு ஊசி மிளகாயைப் போட்டு, போத்தலிலிருந்து ஒரு கரண்டி எடுத்து இடித்தாள். நெத்திலி பொரிந்தது. புதுத் தட்டில் சுடுசோறு வைத்து, பக்கத்தில் அதை வைத்தாள்.

அம்மா பிசைந்தார். ஒரு வாய், இரண்டு வாய். நாங்கள் வழக்கம்போல் மூன்றாவது வாய்க்குத் தட்டு தள்ளப்படுமா என்று பார்த்துக்கொண்டிருந்தோம். தள்ளவில்லை. பாதித் தட்டில் நிமிர்ந்து, "உப்பு கொஞ்சம் தூக்கல். மக்சிக் போடுறது இப்படி இருக்காது" என்றார். பிறகு குனிந்து மீதியையும் சாப்பிட்டார்.

என் கடைசி மகள் தைரியமாக ஒரு விரல் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வர, "பாட்டி, இன்னும் கொஞ்சம்" என்றாள். அந்த மீன் குழம்பை நானும் தம்பி மகனும் தீர்த்தோம். போத்தல் இப்போது எங்கள் வீட்டுக் குளிர்ப் பெட்டியில், மூன்று பிளாஸ்டிக் பைகளுக்குள், என் மனைவியின் உத்தரவுப்படி கீழ்த்தட்டில் இருக்கிறது. ஒன்று முடிந்துவிட்டது. இரண்டாவதில் பாதிதான் இருக்கிறது என்று நேற்று அம்மா நினைவுபடுத்தினார்.