நூலெடுத்துத் தருவோர்

சென்னைக் கன்னிமாரா நூல்நிலையத்தைக் கண்டு மீள்வோர் பெரும்பாலும் அதன் கட்டடத்தையே வியந்து பேசுவர். 1896-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் திறக்கப்பெற்ற அப்பழைய மண்டபமும், அதன் வண்ணக் கண்ணாடிகளும், தேக்குமர வேலைப்பாடும் வியத்தற்குரியனவே; யாம் மறுத்திலேம். ஆயினும் மண்டபம் தானே எழுந்து சென்று எவர்க்கும் ஒரு நூலை எடுத்துக் கொடுத்ததில்லை. கொடுப்பார் வேறு. அவரைப் புகழ்ந்து பேச யாம் அதிகம் கேட்டிலேம்.

1954-ஆம் ஆண்டின் சட்டப்படி, இந்தியாவில் வெளியிடப்பெறும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி இந்நிலையத்திற்கு வந்து சேரவேண்டும். நாட்டில் இவ்வுரிமை பெற்ற நிலையங்கள் நான்கே. கேட்கப் பெருமையாகத்தான் இருக்கின்றது. வந்து குவியும் கட்டுகளை அவிழ்த்து, பதிவேட்டிலேற்றி, பொருள் ஆராய்ந்து எண் கொடுத்து, உரிய தட்டிற் சேர்ப்பார்க்கன்றோ அப்பெருமையின் பாரம் தெரியும்! தட்டு மாறிய நூல் தொலைந்த நூலே.

சில ஆண்டுகளுக்குமுன் பழைய மாத இதழொன்றைத் தேடி யாம் அங்குச் சென்றோம். வெளிவந்த ஆண்டு நினைவிலில்லை. கட்டுரையாளர் பெயரிலும் ஐயம். அட்டையின் நிறம் மட்டும் நன்றாக நினைவிலிருந்தது. அதைச் சொல்ல நாணி நின்றோம். பணியாளர் நகைத்திலர். "ஐயா, கட்டுரை எதைப் பற்றியது?" என்று மட்டும் வினவினார். பட்டியல்களைப் புரட்டிப் பார்த்து உள்ளே சென்றவர், அரைமணி கழித்து நான்கு தொகுதிகளைச் சுமந்து வந்தார், சட்டையெல்லாம் தூசி. மூன்றாவது தொகுதியில் யாம் தேடியது இருந்தது. நன்றி கூற நிமிர்வதற்குள், தேர்வுக்குப் படிக்கும் இளைஞரொருவர்பால் அவர் சென்றுவிட்டார். அவரிடமும் அதே பொறுமை, அதே தாழ்ந்த குரல்.

இத்தொண்டுக்கு இலக்கணம் வகுத்த எஸ். ஆர். ரங்கநாதனார் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிற் கணிதம் பயின்றவர். ஆதலின் மிஷன் கல்லூரியாராகிய நமக்கு அவர்பால் ஓர் உறவு முறை உண்டெனலாம். 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூல்நிலையத் தலைவராய் அமர்ந்தவர், அவ்வேலையின் தனிமை பொறாது, கணித வகுப்பிற்கே திரும்பிவிட விழைந்தார். இங்கிலாந்து சென்று, அங்குள்ள பொது நூல்நிலையங்கள் எல்லாத் தரத்தார்க்கும் துணைபுரிவதை நேரிற் கண்டபின்னரே அவர் உள்ளம் இதில் ஊன்றிற்று. 1931-ல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் காலத்தைக் காக்கவேண்டுமென்பது. பிறர் காலத்தைக் காக்கத் தம் காலத்தைச் செலவிடும் தொழில்! இவ்வளவு எளிய சொற்களில் இவ்வளவு கடிய கட்டளையை யாம் பிற தொழில்களில் கண்டதில்லை.

அவ்வாண்டிலேயே மன்னார்குடியைச் சூழ்ந்த சிற்றூர்களுக்குக் கனகசபைப் பிள்ளை என்பாரது முயற்சியால் மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. வாசகர் வருவாரென்று காத்திராமல், வாசகரைத் தேடிப் புறப்பட்ட வண்டி அது.

தொலைவிலுள்ளாரையே புகழ்ந்துகொண்டிருத்தல் முறையன்று. நம் கல்லூரி நூல்நிலையத்தில், ஒரு மாலை மணியடித்தபின், மாணாக்கர் மேசைகளில் விட்டுச்சென்ற நூல்களை எண்ணிப் பார்த்தோம்: 42. சில திறந்தபடியே கவிழ்ந்து கிடந்தன. ஒன்றினுள் அடையாளத்திற்காக ஒரு பேருந்துச் சீட்டு. மறுநாட் காலை முதல் வகுப்பிற்குமுன் சென்று பார்த்தபொழுது, 42-ம் தத்தம் இடத்தில் இருந்தன. சீட்டும் அதே பக்கத்தில் இருந்தது.