நெடுந்தீவு மக்களுக்கு, சூரியநெல்லியிலிருந்து



உங்கள் தீவில் நான் தங்கியது ஒரு நாள்தான். ஆனால் இலங்கையில் வேலை பார்த்த காலத்தை நினைத்தால் முதலில் முன்னே வந்து நிற்பது நீங்கள்தான். நன்றி சொல்லாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு ஊர் கேரளத்தில், இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லி. கொழுக்குமலைக்கு ஜீப் ஏறும் இடம் என்றால் பலருக்கும் தெரியும். எஸ்டேட் லயத்தில் பிறந்து வளர்ந்தவன். கோவைக் கம்பெனி ஒன்று, இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்துத் தேயிலை ஃபேக்டரிகளில் ரோலரும் டிரையரும் பூட்டி ஓட்டிக் காட்ட என்னை அனுப்பியது. குளிர், கொழுந்து, மாரியம்மன் கோயில் என்று அங்கே எல்லாம் எங்கள் ஊர் மாதிரியே இருந்ததால் அந்நிய நாடு என்ற நினைப்பே வரவில்லை.

வேலை முடிந்ததும் விமானம் வேண்டாம், காங்கேசன்துறையில் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்குவோம் என்று முடிவு செய்தேன். நெடுங்காலம் நின்றுபோயிருந்த இரு நாட்டுக் கப்பல் போக்குவரத்து 2023 அக்டோபர் 14இல் அந்த வழியாகத்தான் மறுபடி தொடங்கியது. கடல் வழியே திரும்ப நினைத்ததற்குக் காரணம் உண்டு. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் போட்ட ஒப்பந்தம், மலையகத் தமிழர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று ஒதுக்கியது. அந்தச் சனங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தலைமன்னாரில் ஏறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் வரிசையில் நின்றவர்களின் கதையை ஹட்டனில் நான் போன வீடுகளிலெல்லாம் கேட்டிருக்கிறேன். நானோ சம்பளத்தை எண்ணிக்கொண்டு சொந்த விருப்பத்தில் திரும்புகிறவன். அவர்கள் கடந்த கடலை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துக் கடக்க வேண்டும் என்று இருந்தது.

கப்பலுக்கு முன் கிடைத்த நாட்களில் யாழ்ப்பாணத்துத் தீவுப்பக்கம் வந்தேன். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவில் நாகபூசணி அம்மன் தரிசனம், பிறகு குறிகட்டுவானில் உங்கள் படகு. பெருக்கு மரத்தையும், பவளக்கல்லை அடுக்கிய வேலிகளையும், வெட்டவெளியில் மேயும் குதிரைகளையும் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது தண்ணீரைப் பற்றி.

உச்சி வெயிலில் ஒரு வேலியோரம் நின்றேன். “தம்பி, வெயிலுக்க நிக்காதேங்கோ, உள்ள வாங்கோ” என்று ஓர் அம்மா கூப்பிட்டார். மூடி வைத்திருந்த குடத்திலிருந்து சொம்பு நிறைய மொண்டு கொடுத்தார். குடித்துவிட்டு வெறும் சொம்பை நீட்டினேன். கேட்காமலே இன்னொரு தடவை நிறைத்தார். முற்றத்துக் கிணற்றுநீர் உவர் என்பதும், அந்தக் குடத்துத் தண்ணீர் வெளியிலிருந்து கொண்டுவந்து குடிக்க மட்டும் வைத்திருப்பது என்பதும் பேச்சுவாக்கில்தான் தெரிந்தது. காசை நீட்டியபோது அவர் முகம் மாறிவிட்டது. அம்மா, அந்த இரண்டாவது சொம்புக்குத்தான் இந்த மடல்.

தீவுகளில் நல்ல தண்ணீர் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு எழுத்தாளர் மு. தளையசிங்கமே சாட்சி. ஒடுக்கப்பட்டவர்களும் நன்னீர்க் கிணற்றில் அள்ள வேண்டும் என்று தம் ஊரான புங்குடுதீவில் போராடி, போலீசிடம் அடிபட்டவர் அவர். 1973இல் இறந்தபோது நாற்பது வயதுகூட நிறையவில்லை.

மறுநாள் காலை திரும்பும்போது, நேரமாகியும் படகை எடுக்கவில்லை. யாரும் முணுமுணுக்கவும் இல்லை. நிறைமாதப் பெண் ஒருத்தியை மோட்டார் சைக்கிளில் அழைத்து வந்தார்கள். இரண்டு பேர் படகில் நின்று கையைப் பிடிக்க, ஒருவர் பின்னால் தாங்க, அலை படகைத் துறையோடு சேர்க்கும் அந்த நொடி பார்த்து ஏற்றினார்கள். உட்கார்ந்திருந்தவர்கள் சொல்லாமலே எழுந்து பலகையை விட்டுக்கொடுத்தார்கள். எங்கள் ஊரிலும் பெரிய ஆஸ்பத்திரி என்றால் தேனிக்கோ கோட்டயத்துக்கோ மலையிறங்க வேண்டும். அந்த வளைவுகளில் உயிரைக் கையில் பிடித்துப் போன குடும்பங்கள் எத்தனையோ. உங்களுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கும் நடுவில் கிடப்பது கடல். 1985 மே 15இல் குமுதினிப் படகில் குழந்தைகள் உட்படப் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டதும் இந்தக் கடலில்தான். நினைவிடத்தைப் பார்த்துவிட்டுத்தான் படகேறினேன். அதே கடலை நாள்தோறும் கடந்துகொண்டு, முன்பின் தெரியாத ஒருவனை வாவென்று கூப்பிடுகிற மனசை நீங்கள் விடவில்லை.

நாகப்பட்டினத்தில் இறங்கி, திருச்சி, திண்டுக்கல், தேனி என்று பஸ் மாறி, போடிமெட்டு ஏறி வீடு வந்து சேர்ந்தேன். வீட்டில் உங்களைப் பற்றித்தான் அதிகம் பேசினேன்.

இதைப் படிக்கிற தமிழ்நாட்டு, கேரளச் சொந்தங்களுக்கும் ஒரு வார்த்தை. யாழ்ப்பாணம் போனால் நல்லூர்க் கோயிலோடு திரும்பிவிடாதீர்கள். குறிகட்டுவானில் காலைப் படகைப் பிடியுங்கள், ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நெடுந்தீவு. குடிக்கிற தண்ணீரை மட்டும் கையோடு கொண்டுபோங்கள். அங்கே கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டார்கள்.